தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் இன்று மோட்டார் சைக்கிளில் பறக்கிற பையன்களில் பாதிப் பேர், ஒரு காலத்தில் என் கால் மேல் குப்புறப் படுத்துக் கத்தினவர்கள்தான். எண்ணெய், வெந்நீர், சாம்பிராணிப் புகை எல்லாம் என் கையால் பார்த்தவர்கள். நான் அஞ்சாங்கிளாஸ், அதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே என்னிடம் வந்து சொல்லி வைத்துவிட்டுப் போகிற வீடுகள் இருந்தன. டாக்டருக்கு அப்புறம்தான் சொல்வார்கள். முகப்பேரில் நான் இருக்கிற வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் பச்சைக் குழந்தையின் முதுகைத் தேய்த்துச் சம்பாதித்தது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

இப்போது என்னிடம் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் உறை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு சூடு, கழுத்தை எப்படித் தாங்குவது என்பதெல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் வாய் வைக்கப் போவதில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். பெற்றவளைப் பார்ப்பதுதான் வேலை. அந்த வீட்டில் அவளைத் தவிர எல்லாரும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு. சங்கரன் என்று தொழிற்சாலையில் ஃபிட்டர். மனைவி புனிதா. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, அப்புறம் உண்டாகியிருந்தாள். நடுவில் கொஞ்சம் ரத்தம் பட்டுவிட்டது. உடனே படுக்கப் போட்டுவிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, மாசக்கணக்கில் படுக்கை. வெளியே வருவதில்லை, நடப்பதில்லை. பாலைக் கண்டால் வாந்தி. "பிள்ளை தங்கினாப் போதும்" என்று ஒரே பேச்சு. தங்கியது. ஆண் குழந்தை, என் கையில் வாங்கும்போதே கனமாக இருந்தான்.

பிள்ளை பிறந்த பிறகு சங்கரனின் அம்மா ஊரிலிருந்து வந்து பத்தியம் ஆரம்பித்தார். தயிர் கூடாது, மோர் கூடாது, கீரை கூடாது, கேழ்வரகு கூடாது, எல்லாம் குளிர்ச்சி. ஜன்னல் திறக்கக் கூடாது, காற்று அடிக்கும். காதில் பஞ்சு, தலையில் துணி. பூண்டுக் குழம்பும் கருவாடும்தான். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எல்லா வீட்டிலும் அதுதான், நானே பல வீட்டில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலான பெண்கள் அதைத் தாண்டி எழுந்து நடந்துவிடுவார்கள். புனிதா மாசக்கணக்கில் படுத்துவிட்டு வந்து இதில் நுழைந்தாள்.

எங்கள் வேலையில் ஒரு சடங்கு உண்டு. பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிய பிறகு, பழைய பருத்திப் புடவையைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவோம். வயிற்றுக்கட்டு. துணி எங்கே உட்கார வேண்டும் என்று என் விரலுக்குத் தெரியும். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பு எலும்பு தொடங்குகிற இடத்துக்கும் நடுவில், சதையான இடம். என் விரல் நாலு தாராளமாக அதில் படுக்கும்.

புனிதாவுக்கு முதல் வாரம் துணி சரியாக உட்கார்ந்தது. அப்புறம் கட்டு நிற்கவே இல்லை. கட்டி முடித்தால் மேலே ஏறிச் சுருண்டுகொள்ளும். நானும் துணி சரியில்லை என்று வேறு துணி கிழித்தேன். ஒரு நாள் துணியை ஓரமாகப் போட்டுவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. மேல் உடம்பு கீழே இறங்கி இடுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியாது, தெரிந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு உடம்பை நான் தொட்டதில்லை, அவ்வளவுதான் தெரியும்.

"இன்னாம்மா புனிதா, முதுவு வலிக்குதா?"

"இல்ல ஆயாம்மா."

"மணையிலருந்து எந்திரிக்கச் சொல்லோ செவுத்தப் புடிச்சிக்கினு எந்திரிக்கிற. பல்லக் கடிக்கிற. எங்கிட்டயா மறைக்கிற?"

அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இருமினாக் கூட உசிர் போகுது ஆயாம்மா. சொன்னா அத்தை, 'நாங்கல்லாம் பெக்கலையா'ங்கிறாக."

அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்தார்.

"என்னத்தா, எண்ணெயத் தடவிட்டுச் சும்மா இருக்கீக? நல்லா குதிகால வச்சு ஊண்டி மிதிங்க. வாயு புடிச்சிருக்கு, எறங்கிரும்."

குதிகாலால் முதுகை மிதிப்பது பழைய வழக்கம். நானும் செய்திருக்கிறேன், பெண்கள் சுகமாகப் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அன்று என் கால் எழவில்லை. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார். புதுப் பெண்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: வலிக்கிறது என்றால் கையை எடு, காரணத்தை அப்புறம் தேடு. எனக்குச் சொன்னதில்லை, நான் துடைத்துக்கொண்டே கேட்டது.

"மிதிக்க மாட்டேம்மா. இது முதுவா, பரோட்டா மாவா? எண்ணெ தடவுறேன், தண்ணி ஊத்துறேன். கால் வைக்க மாட்டேன்."

"அப்ப எதுக்கு ஒங்களுக்குக் கூலி? மெட்ராஸ்ல எல்லாருமே இப்பிடித்தேன், வாய் மட்டும் வேலை செய்யும்."

"எனக்கு வாயும் வேல செய்யும், கையும் வேல செய்யும். கை வாணாம்னு சொல்லுது. ஒங்க மருமவளுக்கு எலும்புல இன்னாமோ கீது. டாக்டராண்ட இட்டுக்கினு போங்க. நீங்க போவலன்னா நான் இட்டுக்கினு போறேன்."

"வேற ஆயா பாத்துக்கிறோம்."

"பாத்துக்கோங்க. ஆனா வரவ மிதிச்சான்னா நான் குவார்ட்டர்ஸ் நடுவுல நின்னு கத்துவேன். எங்கொரல் ஒங்களுக்குத் தெரியாது."

சங்கரன் ஷிஃப்ட் முடிந்து வந்தான். நானும் அவன் அம்மாவும் ஒரே நேரத்தில் பேசினோம். அவன் இரண்டு பேரையும் பார்க்காமல் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். உடனே ஆட்டோ பிடித்துவிட்டான். அந்தப் பையன் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அம்பத்தூரில் ஒரு எலும்பு டாக்டர். பொறுமைசாலி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். அடுக்கி வைத்த இட்லியில் நடுவில் இரண்டு மட்டும் அமுங்கினது போல முதுகெலும்பு. விழவில்லை, அடிபடவில்லை, சும்மா இருக்கும்போதே அமுங்கியிருக்கிறது. கிழவிகளுக்குத்தான் இப்படி ஆகும் என்று நினைத்திருந்தேன். புனிதாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

டாக்டர் எழுதுவதற்கு முன்னால் கேட்டார், கேட்டார், அவ்வளவு கேட்டார். மூச்சிரைப்புக்கு மாத்திரை சாப்பிட்டாயா? வலிப்புக்கு? தைராய்டுக்கு? மாதவிலக்கு முன்னே ஒழுங்காக வந்ததா, நடுவில் நின்றிருந்ததா? வீட்டில் யாருக்காவது சுலபமாக எலும்பு உடையுமா? எத்தனை மாசம் படுத்திருந்தாய், என்ன சாப்பிட்டாய், வெயில் பட்டதா? ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"வயசான பொம்பளைங்களுக்குக் கொடுக்கிற பெரிய மருந்தெல்லாம் இவங்களுக்கு இப்ப வேண்டாம். மாதவிலக்கு நிக்காத வயசுல எலும்பு மெலிஞ்சா, மொதல்ல ஏன் மெலிஞ்சுதுன்னு தேடணும். இவங்களுக்குக் காரணம் கண்ணு முன்னாடியே இருக்கு. படுக்கை, இருட்டு ரூம், பத்தியம். இதுக்கு மேல குழந்தைக்குப் பால். எலும்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்தை எடுத்துத்தான் ஒடம்பு பாலாக் கொடுக்குது. எல்லாருக்கும் அப்படித்தான், அப்புறம் தானாத் தேறிடும். இவங்களுக்குக் கையிருப்பு இல்ல. பாலை நிறுத்தினா, நல்லா சாப்பிட்டா, மாத்திரை போட்டா, வெயில்ல நடந்தா எலும்பு கெட்டிப்படும். ஆனா அமுங்கின எடம் பழையபடி எழும்பாது. இனிமே அமுங்காம பாத்துக்கலாம். குனியக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. குழந்தையையும் தூக்கக் கூடாது."

சங்கரன் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே கடைக்குப் போனான். புனிதா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காகத்தான் கேட்டேன்.

"டாக்டர், தூக்கத்தானே கூடாது? மடியில வெக்கலாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தாராளமா. முதுகை நிமித்தி, சாஞ்சு உக்காரணும். யாராவது எடுத்துக் கொடுக்கணும், அவ்வளவுதான். பிரிக்கவா சொன்னேன்?"

அது புனிதாவும் நானும் கேட்டது. வேறு யார் காதிலும் விழவில்லை.

பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவோம். உங்களுக்கு இப்போது மாத்திரை தெரியும், எங்களுக்கு அன்று பூதான். நெருக்கமாகத் தொடுத்த சரத்தை வாங்கி வந்து கட்டினேன். புனிதா தலையைக் குனிந்து மோந்து பார்த்தாள்.

"நல்ல பூவா வாங்கியிருக்கீக ஆயாம்மா."

பக்கத்து அறையில் பிள்ளை பாட்டில் பாலைத் துப்பித் துப்பி அழுதான்.

அந்த வீட்டை நான்தான் தலைகீழாக மாற்றினேன். ஜன்னலைத் திறந்தேன். மோர் வந்தது, கீரை வந்தது. அந்த அத்தை இருக்கிறாரே, எக்ஸ்ரேயைப் பார்த்த அன்று முதல் வேறு மனுஷி. தானே கேழ்வரகைத் திரித்து வந்து கூழ் காய்ச்சி, "ஊத்திக்க தாயி, ஊத்திக்க" என்று பக்கத்திலேயே நிற்பார். குவார்ட்டர்ஸின் பின்பக்கம் துணி துவைக்கிற கல் ஒன்று இடுப்பு உயரத்துக்கு இருந்தது. காலை வெயில் நேராக அதில் விழும். புனிதாவைக் கைபிடித்து அங்கே நடத்திக்கொண்டு போனேன். பச்சை உடம்புக்காரியை வெயிலில் நிறுத்துகிறாள் என்று வரிசை வீடு முழுக்கத் தலை நீட்டியது.

"இன்னா, சினிமாவா ஓடுது? போய்ச் சோத்த வடிங்க."

கல்லின் மேல் பேசின் ஒன்றை வைத்தேன், வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பிள்ளை. நான் ஒரு கையால் அவன் கழுத்தைத் தாங்க, புனிதா நிமிர்ந்து நின்றபடி தண்ணீர் ஊற்றினாள். குனியவில்லை, தூக்கவில்லை. குளிப்பாட்டினாள். அவன் அவளைப் பார்த்துக் காலை உதைத்தான். அவள் சிரித்த சிரிப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன். என் பிழைப்பில் எத்தனையோ குழந்தை பார்த்திருக்கிறேன், இந்தக் கல் குளியல்தான் யாரும் சொல்லித் தராமல் என் மூளையிலேயே உதித்தது. இன்றும் சொல்வேன், அது என் கைவேலையின் உச்சி.

அப்படிக் கொஞ்ச நாள்தான்.

கள்ளிக்குப்பத்தில் இன்னொரு வீட்டில் பிரசவம், முன்னமே ஒத்துக்கொண்டது. போகும் முன் சங்கரனை உட்கார வைத்துச் சொன்னேன்: "தூக்கத்தான் கூடாது. மடியில குடு. டாக்டரே சொன்னாரு." அவன் தலையாட்டினான். அத்தையிடமும் சொன்னேன். அவர் சொன்னார்: "நான் இருக்கேன்ல, எடுத்துக் குடுக்க."

அவர் இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். ஊரில் அவர் வீட்டுக்காரர் படுத்துவிட்டார் என்று தந்தி வந்து அவர் கிளம்ப வேண்டியதாயிற்று. சங்கரன் ஷிஃப்டில் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொண்டார். ஒரு பகல் அந்த அம்மா ரேஷன் கடையில் நின்றிருக்கிறார். தூளியில் பிள்ளை வீறிட்டு அழுதிருக்கிறான். எவ்வளவு நேரம்தான் ஒரு தாய் கேட்டுக்கொண்டிருப்பாள்? குனிந்து தூக்கிவிட்டாள். முதுகில் பிடித்தது. பிள்ளையை விடவில்லை, அவனை நெஞ்சோடு அணைத்தபடியே முழங்கால் குத்தி விழுந்திருக்கிறாள். அந்த அம்மா திரும்பி வந்தபோது தாயும் பிள்ளையும் தரையில். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அவளால்தான் எழ முடியவில்லை.

நான் கள்ளிக்குப்பத்திலிருந்து விஷயம் கேள்விப்பட்டு ஓடினபோது வீடு அமைதியாக இருந்தது. உத்தரத்தில் தூளி கட்டியிருந்த கொக்கி மட்டும் தொங்கியது. தூளி இல்லை. சங்கரனின் அக்கா வந்து பிள்ளையைத் திண்டுக்கல்லுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"ரெண்டு மாசம்தான் ஆயாம்மா," என்றான் சங்கரன். "இவ தேறட்டும். தூக்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. கண்ணு முன்னாடி புள்ள இருந்தா இவ கேக்க மாட்டா."

"மடியில வெக்கலாம்னும் சொன்னாரேப்பா!"

"யாரு எடுத்துக் குடுக்குறது?"

சண்டை போட வந்தவள், யாரோடு போடுவது என்று தெரியாமல் நின்றேன். அக்கா கெட்டவள் இல்லை. தன் பிள்ளைகளோடு இதையும் சேர்த்து வளர்க்கிறேன் என்று பஸ்ஸில் வந்து வாங்கிக்கொண்டு போனவள். சங்கரன் கெட்டவன் இல்லை. புனிதாவே சரி என்று தலையாட்டியிருக்கிறாள். "அவன் மேல விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும் ஆயாம்மா?" என்று என்னையே கேட்டாள். எல்லாரும் நல்லவர்களாக இருந்தும் ஒரு காரியம் இப்படி நடக்கும்.

இரண்டு மாசம் என்றார்கள். பிள்ளைக்குச் சளி, பயணம் வேண்டாம் என்றார்கள். அப்புறம் தவழ்கிறான், அப்புறம் முதல் பிறந்தநாளை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். புனிதாவை பஸ்ஸில் அவ்வளவு தூரம் குலுக்கக் கூடாது என்று போகவும் விடவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். அவள் ஒழுங்காக மோர் குடித்தாள், மாத்திரை போட்டாள், கொரட்டூரில் ஒரு உறவுக்கார வீடு வரை ரயிலேறிப் போய்வருகிற அளவுக்குத் தேறினாள். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, பொருளை நெஞ்சோடு சேர்த்து எப்படித் தூக்குவது என்று டாக்டரிடம் வேலை பார்த்த பெண் ஒருத்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். புனிதா அதை அரிசி மூட்டையை வைத்துப் பழகினாள். மூட்டையில் முதலில் கொஞ்சம் அரிசி, போகப் போகக் கூட்டினாள். பிள்ளை எவ்வளவு கனம் இருப்பான் என்று அக்காவிடம் விசாரித்து, அந்த அளவுக்குக் கூட்டினாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வயதுக்காரிக்கு எலும்பு மெலிந்திருக்கிறது என்றால் பயந்து ஓடாதீர்கள், பயமுறுத்தவும் செய்யாதீர்கள். இப்போதெல்லாம் குதிகாலை மிஷினில் வைத்து எலும்பின் பலத்தை அளந்து ஒரு நம்பர் சொல்கிறார்களாம். அந்த நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டைக் கலக்காதீர்கள். காரணம் என்ன என்று டாக்டர் தேடுவார், தேடவில்லை என்றால் கேளுங்கள். அதைவிட முக்கியம், டாக்டர் ஒன்றைக் கூடாது என்று சொன்னால், அதற்குப் பதிலாக என்ன கூடும் என்பதை அங்கேயே, புருஷனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் அது ஆயா பேச்சு. எவ்வளவு பெரிய ஆயாவாக இருந்தாலும் சரி, நானே இருந்தாலும் சரி. அப்புறம், எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு ஏற்பாடு செய்யாமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள். அதற்காகத்தான் இப்போது நம் ஆட்கள் ஒரு வீட்டிலிருந்து கிளம்பினால், மாற்றுக்கு இன்னொருத்தி வந்து நின்ற பிறகே செருப்பைப் போட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறேன். கெடுபிடி என்று முணுமுணுக்கிறீர்கள். முணுமுணுங்கள்.

பிள்ளை வந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றரை வயதுக்கு மேல் ஆகியிருந்தது. சங்கரனின் அக்கா இடுப்பில் உட்கார்ந்து வந்தான். புனிதா காலையிலேயே வெந்நீர் போட்டு, துவைக்கிற கல்லின் மேல் அதே பேசினை வைத்திருந்தாள். அவன் அதில் கொள்ள மாட்டான் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது.

முன்தினம்தான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "ஆயாம்மா, கை வச்சுப் பாருங்க" என்றாள். விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். அதே இரண்டு விரல்தான். டாக்டர் சொன்ன மாதிரி, இறங்கினது இறங்கினதுதான். ஆனால் வலி இல்லை, நிமிர்ந்து நின்றாள்.

அக்கா பையனைத் தரையில் விட்டாள். புனிதா அவன் முன்னால் வந்து முழங்காலை மடக்கினாள். முதுகு நேராக இருந்தது. இரண்டு கையாலும் அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, கால் பலத்தில் எழுந்தாள். ஒரு தப்பு இல்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், அரிசி மூட்டையைத் தூக்கின அதே அழகு.

பையன் வில் மாதிரி பின்னால் வளைந்தான். அக்கா பக்கம் கையை நீட்டி, "அம்மா! அம்மா!" என்று வீறிட்டான்.

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவன் கண்ணில் படாமல் இருந்தாலாவது அழுகை நிற்கும் என்று. நிற்கவில்லை. கதவைப் பார்த்து அழுதான். புனிதா கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அப்புறம் தூக்கினது போலவே, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, பத்திரமாகக் கீழே இறக்கினாள். அவன் கதவை நோக்கி ஓடினான்.

அவள் என்னிடம் திரும்பினாள்.

"இனிமே தூக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆயாம்மா."

கல்லின் மேல் பேசினில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.